ஆகஸ்டில் பன்னிரண்டு குச்சிகள்

நேற்றிரவு உறைபனி.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்து நர்சரியில்
கறுப்புப் பைகளின் வாயெல்லாம்
சர்க்கரை பூத்திருக்கிறது மண்.

காலண்டரில் ஆடி முடிய நான்கு நாள்.
தேடி விதைக்கச் சொன்ன பழமொழி
கடல் தாண்டியபோது தலைகீழாகிவிட்டது.
இங்கே ஆடியில் விதைத்தவர்
அழுகியதைத்தான் அள்ளுவார்.

ஆனால் மரம் வாங்க இதுதான் மாதம்.
இலையோடு நிற்கிற மரம்
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை;
எதையோ மறைத்துக்கொண்டு சிரிக்கும்.
அம்மணமாய் நிற்கையில்தான் தெரியும்
எந்த வெட்டு இன்னும் ஆறவில்லை,
எந்தக் கிளை எந்தக் கிளையை அறுக்கிறது,
ஒற்றைத் தண்டா, நடுவில் பிளந்து
பத்து வருஷம் கழித்து
யார் கார்மேலோ விழப்போகிற இரட்டையா.

நகத்தால் ஒரு கீறல்.
உள்ளே பச்சை என்றால் உயிர்.
பழுப்பு என்றால் அடுத்த பை.
கட்டைவிரல் நகத்தில் அந்தப் பச்சை
மதியச் சோறு வரைக்கும் இருக்கும்.

சிலது சுலபம்.
நாலு சிறகு வைத்த காய்ந்த விதை
இன்னும் தொங்கினால் புஷ்வில்லோ.
வெறுங்கிளை, முள், நுனியில் சிவப்புக் கொழுந்துத் தீ:
நம் கல்யாண முருங்கையின் பங்காளி,
அதற்குப் பெயர்ச்சீட்டே வேண்டாம்.

ஸ்டிங்க்வுட்தான் தொல்லை.
இந்த நாட்டதும் சீனத்ததும்
குளிர்காலத்தில் ஒரே பள்ளிச் சீருடை:
சாம்பல் தண்டு, மெல்லிய குச்சி,
பழம் உதிர்ந்து போயிற்று.
ஒன்று நடவேண்டியது.
மற்றது பிடுங்கவேண்டிய பட்டியலில்.

ரெய்ஸ்தார்ப் கிளினிக்கின்
வண்டி நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு வேண்டும்.
நிழல் வேண்டும், சருகு கூடாது,
வேர் தாரை உடைக்கக் கூடாது,
பறவை வந்து உட்காரக் கூடாது என்றார்
திருமதி கிஸ்தனசாமி.
மரம் வேண்டாம் என்பதை
இவ்வளவு நீளமாகவும் சொல்லலாம்.

பெகானி குத்துக்காலிட்டு
மொட்டு மொட்டாய்ப் பார்த்துக்கொண்டு வந்தான்.
உம்வும்வு, உம்வும்வு, உம்வும்வு.
பதினொன்று எண்ணினான்.
பன்னிரண்டாவதன் முன்னால்
உதட்டைப் பிதுக்கினான்.
என்ன என்றேன்.
செப்டம்பரில் கேள் என்றான்.
லாரி வாடகை ஏறிக்கொண்டிருந்தது.
பில் போடச் சொன்னேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு மழை.
பதினொன்றிலும் வெளிர்பச்சை, மெல்லிய மயிர்,
தடவினால்
பூனைக்குட்டியின் காது.

பன்னிரண்டாவது
மூன்று நாள் முந்திக்கொண்டது.
எண்ணெய் வைத்து வாரிய தலை போல்
பளபளப்பு.
இலை விளிம்பின் பல்
பாதிக்கு மேலேதான் தொடங்குகிறது.
கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
வழுக்கியது.

வாசலுக்கு மிக அருகில் நட்டதும் அதையேதான்.
விடியற்காலை ஐந்து மணி வரிசையில்
சீட்டுக்காக நிற்பவர்கள்
அதன் கழியில்தான் பையை மாட்டுகிறார்கள்.
திருமதி கிஸ்தனசாமி சொன்னார்:
அது ஒன்றுதான் நன்றாக வந்திருக்கிறது,
பன்னிரண்டும் அதே ஜாதியில்
வாங்கியிருக்கக் கூடாதா?

இதை வைத்து
எங்களைப் பற்றி ஒன்று எழுதிவிடலாம்தான்.
கப்பல், பட்டியல், பெயருக்குப் பக்கத்தில் எண்.
எழுதமாட்டேன்.
இது மரம். இதன் விதை
பறவை வயிற்றில் டூசி ஆற்றங்கரை ஏறினால்
அங்கே இருப்பதெல்லாம் இருட்டில் மூச்சு முட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டியிருந்தபோது,
மண்வெட்டியோடு போனேன்.
வேர் பிடித்திருக்கவில்லை அவ்வளவாக.
ஒரு சாய்ப்பு, ஒரு இழுப்பு.

பிறகு லாரியின் பின்கதவில் கிடத்தி
இலைகளை ஒவ்வொன்றாய் உருவினேன்,
மறுபடி அதற்கு ஆகஸ்ட் ஆக்கினேன்.
பக்கத்தில், நல்ல மரத்திலிருந்து
கவாத்து செய்த ஒரு குச்சி,
அதையும் மொட்டையாக்கி வைத்தேன்.
கணுக்களை எண்ணினேன்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன்.

கைதவறி இரண்டும் உருண்டன.
எது எது?
நகம் வைத்துக் கீறினேன்.
இரண்டுமே பச்சை.