பின்னால் வரும் லொறி

மூன்று நாள் ஓட்டம். நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கம்பளையில் கொடி அசைந்ததும் முன்னால் போனவர்களை
அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

எனக்குப் பழக்கமானது லொறிதான்.
நீல லொறி. தட்டில் பழைய மெத்தைகள்,
மெத்தைகளின் மேல் கைவிட்டவர்களின் சைக்கிள்கள்,
ஓரத்தில் போர்வைக்குள் அவர்கள்.
சட்டம் சின்னது:
லொறி உன்னைக் கடந்தால் நீ முடிந்தாய்.

புசல்லாவை தாண்டியதும்
அது என் முதுகுக்கு வந்துவிட்டது,
முதல் கியரில் உறுமிக்கொண்டு,
டீசல் மூச்சைப் பிடரியில் விட்டுக்கொண்டு.

றம்பொடையில் என்னை எல்லோருக்கும் தெரியும்.
மாதம் ஒருமுறை லயத்துச் சுவர்களின் முன்னால் நின்று
மீட்டர் வாசிக்கிறவன்.
நாய்களுக்கும் தெரியும். அவை துரத்தியதில்
கொஞ்சம் வேகம் கூடியது.
"கரண்ட் வெட்டவா இப்படிப் பறக்குறீங்க?"
கொழுந்துக் கூடையோடு ஒருத்தி கேட்டாள்.
அவள் வீட்டு எண் எனக்கு மனப்பாடம்.
மூன்று மாதப் பாக்கி.
சிவப்புக் கடிதாசி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது,
கொடுக்க நாள் பார்த்து.
சிரிக்க மூச்சில்லை. கையை மட்டும் தூக்கினேன்.

முடக்குக்கு மேல் முடக்கு.
ஒவ்வொரு முடக்கிலும் அதே நீர்வீழ்ச்சி,
நான் நகரவேயில்லை என்பதுபோல.

இரவு, நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடம்.
மேசைகளை ஒட்டிப்போட்டுப் படுத்தோம்.
தொடையில் நரம்பு சுருண்டு சுருண்டு எழுந்தது.
பக்கத்தில் கற்பிட்டி நஸ்மி,
பிறந்ததிலிருந்து மட்டமான ரோட்டில் ஓடியவன்,
இருட்டில் கேட்டான்:
"இந்த மலை எங்கதான் மச்சான் முடியும்?"

இரண்டாம் நாள் இறக்கம்.
இறக்கத்திலாவது தப்பலாம் என்றிருந்தேன்.
மழை. பிறேக் கட்டைகள் கருகிய மணம்.
பள்ளத்தாக்கைப் பார்க்காமல், வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து
பயந்து பயந்து இறங்கினேன்.
லொறியும் பொறுமையாக இறங்கியது.
வெலிமடையில் சாரதி பியதிஸ்ஸ தலையை நீட்டி,
"தம்பி, மெதுவா. எனக்கு நாள் சம்பளம்" என்றார்.

மூன்றாம் நாள், பண்டாரவளையிலிருந்து
நேற்று இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறவேண்டும்.
யார் கீறிய பாதை இது,
வட்டிக்கு விடுகிறவனா?
கெப்பெட்டிபொலையில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே
நஸ்மி சைக்கிளைச் சாய்த்தான். அழவில்லை.
லொறியில் ஏறி, மெத்தையைத் தட்டிக் காட்டி,
"இடம் இருக்கு, மச்சான்" என்றான்.
அவ்வளவு அன்பாக
யாரும் என்னைத் தோற்கக் கூப்பிட்டதில்லை.

ஹக்கலைக்குக் கீழே
சட்டென்று முதுகு குளிர்ந்தது.
சத்தம் இல்லை.
திரும்பினால், பொனெட் திறந்து ஆவி பறக்கிறது.
நஸ்மி போத்தல் தண்ணீரோடு ஓடுகிறான்.
பியதிஸ்ஸ இரண்டு கையாலும் என்னைத் தள்ளுவதுபோல்
காற்றைத் தள்ளினார்: போ, போ.

போனேன். நூறு யார்கூட இல்லை,
கால் விட்டுவிட்டது.
துரத்த ஆளில்லாவிட்டால் எதற்கு மிதிப்பது?
இறங்கலாம், நடக்கலாம்,
என்னைக் கடக்க இனி யாருமில்லை.
ஒரு கடையில் நிறுத்தி, நின்றபடியே
பிளேன்டீ குடித்தேன், வெல்லத்தைக் கடித்துக்கொண்டு.
கடைக்காரர் காசு கேட்கவில்லை.
நான் போட்டியில் ஓடுகிறேன் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு ஏறினேன்.
சங்கிலியின் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன்.
அதற்கு எண்ணெய் வேண்டும்.
மூடுபனி இறங்கி, ரோடு பத்து யாராகச் சுருங்கியது.
பத்து யார் என்றால் முடியும்.
அடுத்த பத்தும்.

வாவிக்கரையில் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
நேரம் குறிக்கிற பிள்ளை குடையோடு எழுந்து,
என்னை விட்டு ரோட்டை எட்டிப் பார்த்தாள்.
"லொறி எங்கே?"
"வருது" என்றேன்.
அவள் எழுதிய நேரத்தைத் தலைகீழாகவே வாசித்தேன்,
தொழில் பழக்கம். ஏழு ஒன்றுபோல இருந்தது.
திருத்தச் சொன்னேன்.

தந்த போர்வையோடு மதகில் உட்கார்ந்திருந்தேன்.
ஆறு இருபதுக்கு, ஒற்றை விளக்கோடு,
முதல் கியரில் லொறி வந்தது.
மெதுவாக என்னைக் கடந்தது.
கையைத் தூக்கினேன்.
மெத்தையிலிருந்து நஸ்மி கத்தினான்:
"சாப்பாடு இருக்கா?"