ஒற்றைக் கலர்

நாலு கலருக்குக் காசில்லை.
கறுப்பு மட்டும் போதும்க்கா,
ராக்குன்னாலே கறுப்புதானே என்றான் ஹாஜா நஜ்முதீன்.
முந்நூறு போஸ்டர். ஆடியில் கல்யாணம் கிடையாது,
பாதி வாடகைக்கு மண்டபம் கிடைத்துவிட்டது.
குழுவின் பெயர் ஷட்டர்.
கடை ஷட்டரா, வாய்க்கால் ஷட்டரா?
ரெண்டும் தூக்கினா கத்தும் என்றாள் ஜெனிட்டா.

பகலெல்லாம் நான் அடிப்பது
காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும்.
என் கம்ப்யூட்டரில் ஒரு குத்துவிளக்கு,
இரண்டு வாழைமரம், அழுகிற கண் ஒன்று.
மன்னார்குடியில் செத்த எல்லோருக்கும்
அந்த ஒரு கண்தான் அழுதிருக்கிறது.

இவர்களுக்கு எழுத்து முள்முள்ளாய் வேண்டுமாம்.
செல்போனில் காட்டினார்கள்,
எந்த நாட்டுக் குழுவோ, பெயர்
காய்ந்த கருவேலங்கிளை மாதிரி.
படிக்க முடியலையே என்றேன்.
அதுதான்க்கா அழகு.

ட சொன்னபடி கேட்டது, அதன் உடம்பே மூலை.
ர காலை நீட்டிக் கொடுத்தது.
ஷ மட்டும் மூன்று நாள்
விலாங்காய் வழுக்கியது.

சாப்பாட்டுக்குப் போகிற வழியில்
வடுவூர் ரோட்டோரம் நாற்றுப் பறித்தார்கள்.
ஒருத்தி முடியைக் காலில் தட்டி உதறினாள்.
அந்த ஒரு நொடி
வேரெல்லாம் வெளியே,
வெள்ளையாய், கோபமாய்.

அதைத்தான் வரைந்தேன், தலைகீழாக.
ஷ-வின் அடிவயிற்றில் வேர் தொங்கியது.
புள்ளிகளின் இடத்தில்
தெறித்த சேறு இரண்டு சொட்டு.

மூன்று பேர் கூலிங் கிளாஸோடு படம் தந்தார்கள்.
டிரம்ஸ் கலிவரதன் தந்தது பாஸ்போர்ட் படம்.
திருநீறு, கழுத்துவரை பட்டன்.
ஓரத்தில் இடமில்லை, நடுவில் வைத்தேன்.
வட்டம் போட்டேன்.
கைப்பழக்கம்,
வட்டத்துக்குக் கறுப்பு விளிம்பும் கொடுத்திருக்கிறேன்.

மைதாப் பசை, ஒரு ஸ்கூட்டி, இரவு முழுக்க ஒட்டினோம்.
விடிந்ததும் பந்தலடியில் கூட்டம்.
எழுத்தைப் படிக்க முடியாதவர்கள்
வட்டத்தைப் படித்தார்கள்.

எட்டு மணிக்குக் கலிவரதன் வீட்டில் முதல் மாலை.
நீடாமங்கலத்து அத்தை
பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு வர,
வாயில் பிரஷ்ஷோடு
அவன்தான் கதவைத் திறந்தான்.

பதினோரு மணிக்கு அத்தை பிரஸ்ஸுக்கு வந்தாள்.
வசவுக்குத் தயாராய் எழுந்து நின்றேன்.
கிழித்து வந்த போஸ்டரைக் கவுண்டரில் விரித்து,
தோற்றம் மறைவு போடலியே,
அப்பவே எனக்குத் தோணியிருக்கணும் என்றாள்.
எழுத்தைத் தடவினாள்.
இது என்ன, கோரையா?
நாத்து.
தலைகீழாவா?
பிறகு அவளே,
பறிச்ச கையில அப்படித்தான் தெரியும் என்றாள்.
டிக்கெட் எவ்வளவு?

துக்கம் விசாரிக்க வந்ததில் பாதிப் பேர்
கச்சேரிக்கு இருந்தார்கள்.
முதல் வரிசையில் அத்தை,
இரண்டு காதிலும் முந்தானையைச் செருகிக்கொண்டு
கடைசிவரை.

ஒரு வாரத்தில் ஆடுகள்
பசை ருசிக்குத் தேதியைத் தின்றன,
மண்டபத்தைத் தின்றன, ஹாஜாவைப் பாதி.
டிரான்ஸ்பார்மர் பெட்டியில் மட்டும்
எட்டாத உயரத்தில் வேர்.

அடுத்தது கூத்தாநல்லூர்.
இந்தத் தடவை ரெண்டு கலராம்.
கலிவரதன் புதுப் படம் கொண்டுவந்தான்,
பல் தெரியச் சிரிக்கிறான்.
இதைப் பார்த்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கல்ல?

சிரிக்கிற படம்தான் இப்போது அதிகம் வருகிறது.
சொல்லவில்லை.
வட்டத்தை மட்டும் அழித்தேன்.