செங்குத்து

விசிலை வாயில் வைத்துக்கொண்டு பந்தை வீசக் கூடாது.
இதை வாணியம்பாடியில் கற்றேன்,
மேலிருந்து இறங்கிய ஒரு முழங்கை
என் முன்பல்லில் பாதியை எடுத்துக்கொண்டு போன அன்று.
மீதிப் பாதியின் வழியே காற்று ஒழுகுகிறது
சத்துவாச்சாரி என்று சொல்லும்போதெல்லாம்.

அடுத்து, என் உயரம்.
ஐந்தடி ஒரு அங்குலம்.
குடியாத்தம் கோவர்த்தனன் ஆறடி நான்கு.
அரக்கோணம் ரூபன் சாலமோன் அதற்கும் ஒரு விரல்கடை மேலே.
நான் நடுவட்டத்துக்குள் போனதும்
ரெண்டு பனைக்கு நடுவுல ஆடு பாருடா
என்று படிக்கட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.
சரிதான், மறுக்கவில்லை.
ஆனால் பனைகள் குதித்து எட்டுகிற இடத்துக்கும் மேலே
பந்தை அனுப்ப வேண்டியது ஆடுதான்.

காட்பாடி பார்சல் ஆபீசில் எனக்கு இரவு வேலை.
தோல் மூட்டைக்கும் மீன் பெட்டிக்கும் இடையில்
ஆறடி காலி இடம்.
உத்தரத்தில் துருப்பிடித்த ஒரு கொக்கி.
பந்து அதன் பக்கம் வரை போக வேண்டும்,
தொடக் கூடாது,
போன வழியிலேயே திரும்பி வர வேண்டும்.
பந்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா மேடம் என்பார் எத்திராஜு,
டிராலியில் கால் நீட்டிப் படுத்தபடி.

முதல் வருஷம் இரண்டு கையாலும் வீசினேன்.
இரண்டில் ஒன்றுக்கு எப்போதும் ஆசை கூடுதல்,
பந்து சாய்ந்துவிடும்.
இப்போது இடது உள்ளங்கை மட்டும், தட்டு மாதிரி அடியில்.
வலது கை சும்மா பக்கத்தில் நிற்கும்,
பத்திர ஆபீசுக்குச்
சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ஆள் போல.

முழங்காலை மடக்கினால் படித்துவிடுவார்கள்.
மூச்சை இழுத்தால் தோள் ஏறும்,
தோள் ஏறினால் கோவர்த்தனன் ஏறிவிடுவான்.
பந்து சுழலவும் கூடாது,
அதன் மேலிருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிற மாதிரிப் போக வேண்டும்.

மே மாதம், இரவு எட்டே கால்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
சிமெண்ட் தளம் ஷூவுக்குள் கக்கிக்கொண்டிருந்தது.
மலைப் பக்கமிருந்து காற்று வராது,
வேலூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.
அன்று வந்தது.

அரைச் சாண்.
அரக்கோணம் பக்கம்.
விரலை விட்டுப் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.
எதிர்க்கோட்டிலிருந்து இம்தாத் விசில் அடித்தார்.
மறுபடி.

மேடத்துக்கு அரக்கோணமா?
அதே படிக்கட்டு, அதே குரல்.
சிரிப்பு.
என் அம்மாவுக்கு அரக்கோணம்தான்.
அங்கே அது யாருக்கும் தெரியாது.
காற்று என்று சொல்லியிருக்கலாம்.
விளக்கம் சொல்கிற ரெஃப்ரியை
நாலு கால்மணி நேரமும் விளக்கம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பந்தை இடது கைக்கு மாற்றினேன்.
காத்திருந்தேன்.
அவர்கள் குனிந்தார்கள், நான் வீசவில்லை.
நிமிர்ந்தார்கள்.
ரூபனின் கட்டைவிரல் கோட்டை மிதித்திருந்தது.
தம்பி, கால்.
எடுத்தான்.
கோவர்த்தனனின் புருவத்தில் ஒரு ஈசல்,
தட்டிவிடலாமா என்று அவன் யோசித்த

அப்போது வீசினேன்.

மேலே பார்க்கவில்லை.
எனக்குத் தெரிந்தது இரண்டு தொண்டைக்குழி,
தைல வாசனை,
தரையை விட்டுக் கிளம்பிய நான்கு ஷூ.
அந்த இடத்தில் நகரக் கூடாது.
இரண்டு உடம்பு இறங்கி வர வேண்டிய கிணற்றின் அடியில்
கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.
டப் என்று ஒரு சத்தம்.
யார் தட்டினான் என்பதை
இம்தாத் ஓடிய திசையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விசிலை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் ஓடினேன்.
முதல் நிமிஷத்திலேயே
அரக்கோணத்தின் மேல் ஒரு ஃபவுல் கொடுத்தேன்.
ஃபவுல்தான்.
இருந்தாலும் அதை இரண்டு தடவை யோசித்தேன்,
ஒரு தடவை ஓடிக்கொண்டே,
ஒரு தடவை பார்சல் ஆபீசில்,
சரக்கு வண்டி போன பிறகு,
கொக்கிக்கு நேர் கீழே
கையில் பந்தில்லாமல் நின்று.