மைனஸ் எழுபத்தொன்று

பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
லிஃப்ட் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓடவில்லை.
தோளில் டிரில்லிங் மெஷின், கழுத்தில் கேபிள் சுருள்,
இடுப்பில் அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு வெள்ளைத் தட்டு.

கண்ணாடி இழை
மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது.
இந்த பிளாக்குகளுக்குத் தோண்டினால்
போட்ட காசு திரும்பாது என்று
யாரோ ஒருவர் ஏசி அறையில் கணக்குப் பார்த்திருக்கிறார்.
அதனால்தான் காற்று.
அதனால்தான் நான்.

"ஒயரு எங்கம்மா?" என்றார் ஞானசவுந்தரி அக்கா.
"ஒயர் இல்லக்கா. அதோ அந்த டவரை இது பாத்தா போதும்."
"பாத்தா போதுமா?"
"போதும்."
"எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க" என்று
காபி வைக்க உள்ளே போனார்.

டவர் தெரியவில்லை.
போன மாதம் வரை தெரிந்ததாம்.
நடுவில் ஒரு கட்டடம்
பதினொன்றாவது தளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
போனில் எண்: மைனஸ் தொண்ணூற்றெட்டு.

எங்கள் தொழிலில் எல்லாமே கடன்தான்.
பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறோமோ
அவ்வளவு வசதி.
இதைக் கம்பெனியில் எனக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள்.
அக்காவுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.
குழு லோன் கட்டுகிறவர்.

ஒரு மணி நேரம்.
கிழக்கே ஒரு விரற்கடை, மேலே அரை விரற்கடை.
வெயில் கம்பியில் ஏறிக் கையைச் சுட்டது.
சரி, கழற்றிவிடலாம் என்று
டவருக்கு முதுகு காட்டித் தட்டைத் திருப்பினேன்,
ஸ்க்ரூவுக்காகத்தான்.
எண் குதித்தது.
எழுபத்தொன்று.

அந்தத் திசையில் டவரே கிடையாது.
சதுப்பு நிலம், அதில் நாலைந்து நாரைகள்,
அதற்கும் அப்பால் சோழிங்கநல்லூரில்
பதினாறு மாடிக் கண்ணாடி ஒன்று.
டவர் எறிந்ததை அது வாங்கி
வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது.
தள்ளியது இங்கே வந்து விழுந்திருக்கிறது.

"நாங்களும் அப்படித்தான் வந்தோம்,
கூவம் கரையில இருந்து" என்றார் அக்கா,
டம்ளரை நீட்டியபடி.
பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து,
"அந்தக் கண்ணாடியா? அத எங்க ஆரோன்தாம்மா தொடைக்கிறான்.
கயித்துல தொங்கி."

கிண்டியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது.
இனிமேல் சுவர்களே சொன்ன பேச்சு கேட்குமாம்.
மெல்லிய தாள் மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டால்
எந்த வீட்டுக்கு அலையைத் திருப்புவது என்று
சுவருக்கு உத்தரவு போடலாம்.
பெட்டியும் தானே தேடிக்கொள்ளும்,
ஸ்பேனர் வேண்டாம், ஏணி வேண்டாம்,
(என்னைப் பார்க்காமல் சொன்னார்) ஆளும் வேண்டாம்.
கை தூக்கினேன்.
சார், சுவருக்கு யார் சொல்வாங்க?
நல்ல கேள்வி தில்ஷாத் என்று
டீ இடைவேளை விட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் அக்காவிடமிருந்து போன்.
"மழைக்கு எம்பத்தாறு ஆவுது, வுட்டதும் எறங்குது."
"ஏறுதுன்னு சொல்லணும்க்கா."
"ஏதோ ஒண்ணு. எனக்குப் புரியுது."
எண் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.
மகளுக்குப் பரீட்சை என்றால்
வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாராம்.

மழை விட்ட ஒரு புதன்கிழமை மறுபடியும்.
"பதினொண்ணே காலுக்கு ரெண்டு கொறஞ்சுது.
கொஞ்ச நேரந்தான். அப்புறம் பழையபடி வந்துடுச்சு.
புகார்னு எழுதிக்காத.
அவன் நமக்கு நேரா தொங்கியிருப்பான்."

அப்படி இருக்காது, எனக்குத் தெரியும்.
மூன்று நாலு கிலோமீட்டர் தூரம்.
ஒரு ஆள், ஒரு வாளி, ஒரு ரப்பர் துடைப்பான்:
அந்த அகலம் இங்கே வந்து சேராது.
ஈரக் காற்றாக இருக்கும். ஒரு நாரையாகக்கூட இருக்கலாம்.

"ஆமாக்கா" என்றேன்.

எந்த அழைப்புக்கும் சீட்டு முடிக்க வேண்டும், விதி.
காரணம் என்ற கட்டத்தில்
மழை, மரம், கட்டடம், மற்றவை
என்று நாலு இருந்தன.
கொஞ்ச நேரம் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டு
மற்றவையைத் தொட்டேன்.