கூட்டக் குறிப்பு

சனிக்கிழமை. சம்பளம் இல்லாத நாள்.
குளுகோர் வளாகத்தில், மூன்றாம் மாடியில்,
முப்பத்தொரு கட்டடப் பராமரிப்பு மேலாளர்கள்.
சங்கத்துக்கு இந்த ஆண்டு நான் செயலாளர்;
யாரும் கை தூக்காத நேரத்தில்
காது சொறியப்போய் மாட்டிக்கொண்டவன்.

பாலம் தாண்டி வந்த ஹஸ்லிண்டா
தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்ட
குரங்குகளைப் பற்றிப் பேசினார்.
என்ன பூட்டு, எத்தனை வெள்ளி, எந்தக் கடை
எல்லாம் எழுதிக்கொண்டோம்.
மின்தூக்கி ஒப்பந்தக்காரரின் பெயர் வந்ததும்
அறை முழுக்க ஒரே பெருமூச்சு.

நான்காவது விஷயம், சந்தா பாக்கி.
அப்போதுதான்
டொக்.
டொக்.
முப்பத்தொரு தலைகளும் மேலே.
விடுமுறை நாளில் யாரைக் கூப்பிடுவதென்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஊய் கெங் சூன் காலணியைக் கழற்றி
மேசைமேல் ஏறிவிட்டார்.
வீரசேனன் சட்டைப் பையிலிருந்து
பேனா எடுப்பதுபோல் எடுத்தார் திருப்புளியை.
நாற்காலியைப் பிடிக்க நான்கு பேர்,
யோசனை சொல்ல இருபது பேர்.

குளிர்சாதனக் குழாயை அடைத்திருந்தது
பாசியும் ஒரு பல்லிமுட்டை ஓடும்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சந்தா விஷயம் தள்ளிவைக்கப்பட்டது.
வருகை முப்பத்தொன்று.
ஈரம், இந்தத் தாளின் வலது மூலை.