எடுக்காத அழைப்பு

ஃபேன் நின்றதால் விழித்தேன்.
கரண்டு இல்லை. மூன்று மணி இருக்கும்.

மோர்ப்பண்ணையில் நாற்றத்துக்குப் பஞ்சமில்லை.
காயும் காரல், உப்பில் ஊறும் திருக்கை,
தெருமுனையில் அள்ளாத நண்டு ஓடு,
கரையில் ஒதுங்கி அழுகும் பாசி.
மூக்கு எல்லாவற்றோடும் சமாதானமாகிப்
பல வருஷம் ஆகிறது.
இது அந்தக் கணக்கில் சேரவில்லை.

அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று,
அடுப்படியிலிருந்து.

கேஸுக்குச் சொந்த வாசம் கிடையாதாம்.
எங்கோ ஒரு கம்பெனியில் யாரோ
நம் மூக்கை நினைத்துக் கலந்துவிடுகிறார்கள்.
முகம் தெரியாத அந்த ஆள்
இருட்டில் என் தலைமாட்டில் நின்று
எழுந்திரு தாயி என்றார்.

கை தீப்பெட்டிக்குப் போனது.
கையைக் குற்றம் சொல்ல முடியாது.
இருட்டென்றால் குச்சி என்று
அதைப் பழக்கியது நான்தான்.
எடுத்தும்விட்டேன்.
உள்ளே குச்சிகள் லேசாகக் குலுங்கின.
அந்தச் சத்தம் இன்னும்
என் முழங்கையில் இருக்கிறது.

பூனைக்குட்டியை இறக்குவது போல
பெட்டியை இறக்கி வைத்தேன்.

இந்தக் கேஸ் மேலே போகாது.
காற்றைவிடக் கனம்.
ஓதம் ஏறும்போது தண்ணீர் வருவது போல
தரையோடு ஊர்ந்து
பள்ளம் பார்த்துத் தேங்கும்.
தரையில்தான், பாயில்,
சர்மிதாவும் முகிலனும்.

போகிற வழியில் அடுப்படி.
ரெகுலேட்டரைத் திருப்ப வெளிச்சம் எதற்கு?
திருப்பினேன்.
கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை
சத்தம் வராமல், தீப்பொறி வராமல்
நோய்க்காரன் கையைப் பிடிப்பது போல இழுத்தேன்.
கச்சான் காற்று உள்ளே வந்தது.
அவனை ஒரு தோளில், அவளைக் கைப்பிடியில்
வாசல் கதவையும் அகலத் திறந்து
வெளியே, மணலுக்கு.

அப்போதுதான் போன் அடித்தது.

உள்ளே. ஃபிரிட்ஜ் பக்கத்துத் தட்டில்.
அவர்தான். கடலில் டவர் கிடைக்கிற இடம் வந்ததும்
தினமும் கூப்பிடுகிற நேரம்.
எடுக்காவிட்டால் கோபிக்கிற மனிதர்.
பத்து எட்டுதான் இருக்கும்.
இருட்டான வீட்டுக்குள் அந்தச் சின்ன வெளிச்சம்
விட்டுவிட்டுத் துடித்தது.
அம்மா, அப்பா என்றாள் சர்மிதா.
அவள் மணிக்கட்டை இறுக்கினேன்.
அடித்து ஓய்ந்தது.
மறுபடி அடித்தது.
நான் மணலில் முளைத்த பனையாக நின்றேன்.

வில்லாயுதம் அண்ணன் வந்தார், வாயில் பீடியோடு.
அங்கேயே நில்லுங்க என்று
நான் போட்ட கூச்சலில்
மூன்று வீட்டு நாய்கள் எழுந்தன.
பீடி மணலுக்குள் போனது.
ராக்கு அக்காவின் போனை வாங்கி
கருவேல மரம் வரை நடந்து
ஒன்று, ஒன்பது, பூஜ்யம், ஆறு.
மறுமுனையில் ஒரு பெண்
வீட்டுக்குள்ள யாராவது இருக்காங்களா என்றாள்.
இல்லை என்று சொன்னேன்.
அதைவிட நல்ல வார்த்தையை நான் சொன்னதில்லை.

இந்தக் கரண்டைத் திட்டாத நாளில்லை.
அன்றுதான்
வந்துவிடாதே என்று வேண்டினேன்.
சும்மா கிடக்கும் ஃபிரிட்ஜ்
தானாக உறுமிவிடக் கூடாது, மாரியாத்தா,
விடியும் வரை எங்களை இருட்டில் வை.

வைத்தாள்.

ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து பைக்கில் வந்த பையன்
ரப்பர் குழாயில் சோப்பு நுரையைத் தடவினான்.
ஒரே இடத்தில்
நண்டு வளைக்குள் மூச்சு விடுவது போல
குமிழ் குமிழாகக் கிளம்பியது.
எலி, என்றான்.
குழாய் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?
பதில் சொல்லவில்லை.
நிறைய வருஷம்.

ஒன்பது மணிக்கு அவர் கரைக்கு வந்தார்.
ஏழு தடவை கூப்பிட்டேன், செத்தா போனே?
இல்லை என்றேன்.
அதற்குமேல் கேட்காமல்
அறுந்த குழாயைக் கையில் வைத்து
வலையில் ஓட்டை தேடுகிற மாதிரி
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் புதுக் குழாய்.
தீப்பெட்டிக்குப் போன கை
பாதியில் நின்றது.
நிற்கட்டும் என்று விட்டேன்.
மூக்கு அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.
காரல். திருக்கை. பாசி.
சரி, கொளுத்து என்றது.