கூட்டக் குறிப்பு

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
ஏழு மாடிக் கட்டடம். நான் அதன் செயலாளர்.
சம்பளமில்லை. ஒரு கொப்பி, ஒரு நீலப் பேனை,
மாதத்தின் முதல் ஞாயிறு.

இந்த முறை கொப்பியை மறந்துவிட்டேன்.
கைத்தொலைபேசியில் பதிந்தேன்.
இரவு, பாணந்துறை ரயில் இரைந்து முடியும்வரை பொறுத்து
போட்டுக் கேட்டேன்.

முதலில் மின்விசிறி.
கதிரையொன்று இழுபடும் ஒலி, கோப்பைகள்.
பிறகு தண்ணீர்ப் பிரச்சினை: மேல்மாடிக்கு ஏறவில்லை,
புது மோட்டர் வாங்க மூன்று லட்சம்.
பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண் குரல்.
"மோட்டர்ல பிழையில்லை. மூண்டாம் மாடி வால்வு
உப்புக்காத்தில இறுகிப்போச்சு. கழட்டிப் பாத்தனான்.
அதை மாத்தினா..."

அதற்கு மேல் அந்தக் குரல் இல்லை.
அதற்கு மேல் இருப்பது என் குரல்.
"ஒரு நிமிஷம் பொறுங்கோ தங்கச்சி."

அந்த ஒரு நிமிடம் முடியவேயில்லை.

இருபத்தோராவது நிமிடத்தில் கிருபைநாதன்
தொண்டையைச் செருமுகிறார்.
"என்ர அபிப்பிராயம், முதல்ல அந்த வால்வைப் பாக்க வேணும்."
"அருமையான யோசனை" என்கிறேன் நான்.
யாரோ மேசையில் தட்டுகிறார்கள்.

நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்து
மறுபடி கேட்டேன், மறுபடியும்.
அதட்டல் இருக்கும் என்று தேடினேன், இல்லை.
என் குரல் கனிவாக இருந்தது.
ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவன்
பிணைச்சலுக்கு எண்ணெயும் விட்டிருக்கிறேன்.

பழைய கொப்பிகளை எடுத்தேன்.
திரு. கிருபைநாதன் விளக்கினார்.
திரு. இல்ஹாம் வலியுறுத்தினார்.
திருமதி தவயோகன் குறைபட்டார்.
ஒரு பெண் அங்கத்தவர் ஆதங்கப்பட்டார்.
திருமதி தவயோகன் மீண்டும் குறைபட்டார்.
'ஆர்' விகுதியில் ஆண் பெண் தெரியாது என்று
எட்டாம் வகுப்பில் படித்தது.
என் கொப்பியில் தெரிந்தது.
அது விகுதியில் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது.

தவயோகன் தோஹாவுக்குப் போய் நாலு வருடம்.
ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.
எல்லாக் கூட்டத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது.

காலையில் லிப்டுக்குள் வைத்துக் கேட்டேன்,
உங்கட பேர் என்ன?
கையில் மரக்கறிப் பையோடு என்னைப் பார்த்தார்.
"கீழ தபால் பெட்டியில எழுதிக் கிடக்கு."
ஐந்தாம் மாடிக் கதவு திறந்தது. போய்விட்டார்.

நான் திரும்பவும் கீழே இறங்கினேன்.
என் பெட்டிக்கு வலப்பக்கம், கறுப்பு மையில்:
யசோதினி.
மழை ஈரம் பட்டு ஒரு எழுத்து கரைந்திருந்தது,
அவ்வளவு காலமாய் அங்கே இருந்திருக்கிறது.

குறிப்பைத் திருத்தி எழுதினேன்.
வால்வு பற்றிய யோசனை: யசோதினி.
குறுக்கிட்டவர்: செயலாளர்.

கிருபைநாதன் வாசித்துவிட்டு
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு மெல்லக் கேட்டார்:
"அவ சொன்னவவோ? சத்தியமா, எனக்கே தோணினது எண்டுதான்
நினைச்சுக்கொண்டிருந்தன்."
நான் அவரை நம்பினேன்.
நம்பியதுதான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்த ஞாயிறு யசோதினி பேசினார்,
ஆறு நிமிடம், கணக்குத் தாளோடு.
நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து நான் இருந்தேன்.
எனக்கே என்னில் கொஞ்சம் பெருமை.

பிறகு தேநீர்க் கேத்தல் வந்தது.
"ஆர் ஊத்துறது" என்று கேட்டு முடிக்கவில்லை,
என் கண் இடப்பக்க வரிசைக்குப் போய்விட்டது,
பெண்கள் இருக்கும் வரிசை.
நானே எழும்பினேன் என்று எழுத ஆசைதான்.
அதற்குள் அஸ்மியா எழும்பிவிட்டார்.

பதிவைப் போட்டுக் கேட்டால் என் கண் கேட்காது.
கேட்பது இவ்வளவுதான்:
மின்விசிறி.
கதிரையொன்று இழுபடும் ஒலி, கோப்பைகள்.